மலைக்குளிரில் காலை இட்லி: பூம்பாறையில் திறந்தவெளிச் சமையலுக்கு யோசனை தேவை

வைகைக்கரை (மார்கழி 10)

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலுக்கு அப்பால், பூம்பாறை ஊருக்குச் சற்று மேலே, என் கணவரின் சித்தப்பா குடும்பத்துக்குச் சொந்தமான பூண்டுத் தோட்டம் இருக்கிறது. சென்ற ஆண்டு இதே மார்கழியில் நாங்கள் ஆறு பேர் அங்கே கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கினோம். மற்றதெல்லாம் குறைவில்லாமல் நடந்தது. காலைச் சாப்பாட்டில்தான் மானம் போயிற்று.

என் மாமனாருக்கு வயது 72. சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் என்பதால் எட்டு மணிக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். அதற்காகவே மதுரையிலிருந்து புறப்படும் நாளில் மாவு அரைத்து, இரவில் அது மலையிலேயே புளித்துக்கொள்ளும் என்று நம்பி எடுத்துச் சென்றேன். காலையில் திறந்து பார்த்தால், ஊற்றி வைத்த மட்டத்திலிருந்து ஒரு நூல்கூட ஏறாமல் மாவு சில்லென்று கிடந்தது. தோசையாவது வார்க்கலாம் என்று கையடக்க கேஸ் அடுப்பைப் பற்றவைத்தேன். முதல் ஐந்து நிமிடம் நீலமாக எரிந்த சுடர், பிறகு அகல் விளக்கைப்போலச் சுருங்கிவிட்டது. டப்பாவைக் குலுக்கினால் உள்ளே கேஸ் இருப்பது தெரிகிறது, வெளியேதான் வரவில்லை. கடைசியில் என் கணவர் ஓடையிலிருந்து மூன்று கற்களைத் தூக்கி வந்து விறகு மூட்டினார். கால் மணி நேரத்தில் அவற்றில் ஒன்று பட்டாசுபோல் வெடித்துச் சில்லு தெறித்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. ஊருக்குள் இறங்கி, பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தபோது மணி பத்தரை. மாமனார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்தலாக இருக்கிறது.

வரும் பொங்கல் விடுமுறையில் மீண்டும் போகிறோம். வண்டி சிறியது, இட்லிக் கொப்பரையும் வீட்டு சிலிண்டரும் ஏற்ற இடமில்லை. இருக்கும் பாத்திரங்களை வைத்துக்கொண்டு, அந்தக் குளிரில், ஆறு பேருக்குக் காலை எட்டு மணிக்குள் சூடான இட்லி சாத்தியமா? அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஆவியியல் (மார்கழி 10)

சாத்தியம்தான், அம்மா. திண்டுக்கல்லில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். ஆண்டுதோறும் மன்னவனூர்ப் பக்கம் போய்வருபவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். உங்கள் மாவும் கேஸும் காலை வாரியதற்குக் குளிரே காரணம். உயரம் செய்யும் வேலையை நீங்கள் இன்னும் சந்திக்கவே இல்லை.

மாவைப் பொங்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 32 பாகை (டிகிரி செல்சியஸ்) வரையிலான வெதுவெதுப்பு வேண்டும். மார்கழி இரவில் அந்தப் பக்கம் வெப்பம் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கிவிடும். சில விடியற்காலைகளில் தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனியே படியும். அந்தக் குளிரில் அவை வேலை செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன.

கேஸ் டப்பாவின் கதை வேறு. கையடக்க அடுப்புகளுக்கான டப்பாக்களில் பெரும்பாலும் பியூட்டேன்தான் அடைக்கப்பட்டிருக்கும். அது ஏறத்தாழ பூஜ்யம் பாகையில் கொதிக்கும் திரவம், ஆவியானால்தான் எரியும். ஆவியாகும்போது டப்பாவின் சூட்டை அதுவே உறிஞ்சிக்கொள்வதால், ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் டப்பா மேலும் குளிர்ந்து, ஆவியாவது நின்றுபோகிறது. உங்கள் சுடர் சுருங்கியது இதனால்தான். வீட்டு சிலிண்டரில் மைனஸ் 42 பாகையிலேயே கொதிக்கும் புரொப்பேனும் கலந்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. டப்பாவை இரவில் கம்பளிக்குள் வைத்திருந்து, காலையில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிறுத்தி எடுத்துப் பொருத்துங்கள். நெருப்பில் காட்டக் கூடாது. டப்பா இருக்கும் அறைக்கு மேலேயும் நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்குப் பெரிய தோசைக்கல்லையும் வைக்கக் கூடாது. கல்லின் அனல் டப்பாவின் மேல் இறங்கி அது வெடிக்கக்கூடும்.

இனி உயரம். பூம்பாறை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். நீங்கள் எவ்வளவு விறகு தள்ளினாலும் மூடாத பாத்திரத்துத் தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது. ஆகவே மதுரையில் பத்து நிமிடத்தில் வெந்த இட்லிக்கு அங்கே பதினைந்து நிமிடம் கொடுங்கள். முட்டைக்கும் அப்படியே. துவரம் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், மதியமாகிவிடும். குக்கர் இருந்தால் அங்கேயும் 117 பாகை வரை கிடைக்கும்.

பழைய சாரணர் (மார்கழி 10)

கல் வெடித்ததைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். ஓடைக் கல்லின் நுண்ணிய விரிசல்களில் நீர் ஊறியிருக்கும். சூடேறும்போது அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லைப் பிளக்கிறது. அடுப்புக்குக் கல் வேண்டுமென்றால் மேட்டு நிலத்தில் நெடுநாள் வெயிலில் காய்ந்து கிடக்கும் கல்லையோ, உடைந்த செங்கல்லையோ எடுங்கள். ஈரமாக இருக்கும் எதையும் தீயருகே வைக்கக் கூடாது.

அதைவிட முக்கியமானது, தீயை எங்கே மூட்டுகிறோம் என்பது. கொடைக்கானல் மலையின் பெரும்பகுதி 2013-ஆம் ஆண்டு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் தீ மூட்டுவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீங்கள் பட்டா நிலத்தில் தங்குவதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தீக்கு வேலி தெரியாது. 2018 மார்ச்சில் பக்கத்துத் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். பைன் ஊசிச் சருகும், யூகலிப்டஸ் இலையும், காய்ந்த புல்லும் இல்லாத வெற்று மண்ணில், சுற்றிலும் இரண்டு மீட்டர் கூட்டித் தள்ளிய பிறகே அடுப்பு வைக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முடிந்ததும் சாம்பலில் நீரூற்றிக் கிளறி, புறங்கையை அருகில் வைத்துப் பார்த்து, சூடே தெரியாதவரை திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். சருகு மெத்தைக்கு அடியில் கங்கு மணிக்கணக்கில் புகைந்துகொண்டே நகரும்.

தாண்டிக்குடி காப்பி (மார்கழி 11)

மகளே, நான் கீழ்மலைக்காரி. எங்கள் தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்தில் பறிப்புக் காலத்தில் இருபது பேருக்குத் திறந்தவெளியில் பொங்கிப் போட்டவள். இட்லிக்கு வருகிறேன்.

மாவை மலையில் புளிக்க வைக்க நினைத்ததுதான் தவறு. முதல் நாள் மாலையே மதுரையில் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, இரவெல்லாம் வீட்டிலேயே புளிக்கவிட்டு, காலையில் பொங்கி நிற்கும் மாவை எடுத்துக்கொண்டு ஏறுங்கள். மேலே போனதும் மலைக்குளிரே குளிர்சாதனப் பெட்டியாகிவிடும். மூன்றாம் நாள் காலைவரை அந்த மாவு அதிகம் புளிக்காது. ஆனால் ஒன்று. மூடியைத் திருகி இறுக்கிவிடாதீர்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். மாவோ உள்ளே காற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். என் மருமகன் இறுக்கமான மூடி போட்ட வாளியில் மாவு கொண்டுவந்து, பெருமாள்மலை வளைவில் மூடி பிய்த்துக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் முழுவதும் வெள்ளையடித்தது. ஆறு மாதம் அந்த வண்டியில் புளித்த வாடை போகவில்லை. தூக்கில் பாதி மட்டும் ஊற்றி, வாயில் துணி கட்டி, மூடியைச் சும்மா சாய்த்து வைத்தால் போதும்.

கொப்பரை இல்லையென்று கவலைப்பட வேண்டியதே இல்லை. காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் இட்லியை மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து மாவை ஊற்றித்தானே அவிக்கிறார்கள்? குழித்தட்டு பின்னால் வந்தது. உங்களிடம் எவர்சில்வர் டம்ளர் ஆறும், வாயகன்ற பாத்திரம் ஒன்றும் இருக்குமல்லவா? டம்ளரின் உட்புறம் நல்லெண்ணெய் தடவி, பாதிக்குச் சற்று மேலே மாவு ஊற்றுங்கள். பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு, அடியில் மடித்த துணியையோ கவிழ்த்த தட்டையோ போட்டு, அதன்மேல் டம்ளர்களை நிறுத்துங்கள். துணி போடாவிட்டால் டம்ளர்கள் கடகடவென்று ஆடி, தண்ணீர் உள்ளே தெறிக்கும். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, ஆவி தப்பாமல் கனமான கல்லை ஏற்றிவையுங்கள். டம்ளர் இட்லி தடிமனாக இருப்பதால் உங்கள் ஊரிலேயே கால் மணி நேரம் ஆகும். அங்கே இருபது, இருபத்திரண்டு நிமிடம் பொறுங்கள். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும். இறக்கியவுடன் கவிழ்த்தால் பிய்ந்துபோகும். இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஓரத்தில் கரண்டிக் காம்பை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு வந்து விழும்.

துணி இட்லியும் செய்யலாம். பாத்திரத்தின் வாயில் நனைத்த பழைய வேட்டித் துணியை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டி, அதன்மேல் நான்கு கரண்டி ஊற்றி மூடிவிட வேண்டியதுதான். மெலிதாக இருப்பதால் சீக்கிரம் வெந்துவிடும். முதல்முறை செய்பவர்களுக்கு டம்ளரே உத்தமம்.

நாகர்கோவில் தேங்காய் (மார்கழி 11)

இவ்வளவு பாடுபட்டு இட்லிதான் வேண்டுமா? ரவையை வீட்டிலேயே நெய்யில் வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கலந்து, உப்பும் சேர்த்து டப்பாவில் அடைத்துவிட்டால், அங்கே தண்ணீர் கொதிக்க வைப்பது ஒன்றுதான் வேலை. ஒரு டம்ளர் கலவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். ஐந்து நிமிடத்தில் உப்புமா. நான் பேரிஜம் பக்கம் போனபோதெல்லாம் இதுதான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. ஒரே எச்சரிக்கை: தேங்காயெண்ணெய் கொண்டு போகாதீர்கள். 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். புட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலை யாருக்கும் வர வேண்டாம். அந்த மலையில் நல்லெண்ணெய்தான் நமக்கு நாதன்.

வைகைக்கரை (மார்கழி 11)

அண்ணா, உங்கள் உப்புமாக் கலவையைக் கட்டாயம் அவசரக் கையிருப்பாக எடுத்துச் செல்கிறேன். ஆனால் உப்புமாவைச் சாப்பாடு என்றே என் மாமனார் ஒப்புக்கொள்வதில்லை. கல்யாண வீட்டில்கூட அதைக் கண்டால் எழுந்துவிடுவார்.

தாண்டிக்குடி அம்மாவுக்கு நன்றி. டம்ளர் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு நிமிடம் விடாமல் எரிவதற்கு எந்த அடுப்பு? விறகடுப்பு என்றால் ஊதிக்கொண்டே நான் ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். கேஸ் டப்பாவை நம்ப எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ரம்பத்தூள் (மார்கழி 12)

என் புனைபெயரே உங்களுக்கு விடை. எங்கள் அப்பா மரமறுக்கும் பட்டறை வைத்திருந்தார். எண்பதுகளில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் மரத்தூள் அடுப்பில்தான் சமைத்தன. இப்போது அதை அறிந்தவர்களே குறைந்துவிட்டார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஐந்து லிட்டர் கொள்ளும் பழைய நெய் டின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம், சூட்டில் அதன் புகை நல்லதல்ல. டின்னின் பக்கச் சுவரில், அடியை ஒட்டி, கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய துளை ஒன்று போடுங்கள். அந்தத் துளை வழியாக ஒரு வழுவழுப்பான கம்பை டின்னின் நடுவரை செலுத்துங்கள். மேலிருந்து இன்னொரு கம்பையோ, கழுத்து நீண்ட கண்ணாடிப் புட்டியையோ நடுவில் செங்குத்தாக நிறுத்தி, கீழே இருக்கும் கம்பின் நுனியில் தொடும்படி வையுங்கள். இப்போது காய்ந்த மரத்தூளைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் முஷ்டியால் நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். தூள் எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு நேரம் எரியும். தளர்வாகப் போட்டால் எரியும்போது உள்ளே சரிந்து வழி அடைத்துக்கொள்ளும். டின்னின் வாயிலிருந்து இரண்டு விரற்கடை இறக்கி நிறுத்திவிட்டு, நடுவில் நிற்பதை மெல்லத் திருகியபடி மேலே உருவுங்கள். பிறகு பக்கக் கம்பை உருவுங்கள். பக்கத்திலிருந்து நடுவுக்குப் போய் மேலே திரும்பும் ஒரு சுரங்கம் கிடைத்திருக்கும்.

பற்றவைப்பது கீழ்த்துளையில். எண்ணெய் தோய்த்த திரியையோ, சிறு காகிதச் சுருளையோ கொளுத்தி உள்ளே தள்ளினால், சுரங்கம் புகைபோக்கியைப்போலக் காற்றை இழுத்து, தூளின் உட்சுவர் பற்றிக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் புகையும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுவர் சிவந்துவிட்டால் புகை நின்று, ஒரே சீராக அனல் மேலே வரும். டின்னின் விளிம்பில் மூன்று சிறு கற்களை வைத்து, காற்றுப் போக இடைவெளிவிட்டு, அவற்றின்மேல் பாத்திரத்தை ஏற்றுங்கள். சுரங்கம் எரிய எரிய அகலமாவதால் நேரமாக ஆகச் சூடு கூடும். என் அனுபவத்தில் இந்த அளவு டின் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஊதாமல், தள்ளாமல் எரிகிறது. சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் கீழ்த்துளையை ஓட்டுச் சில்லால் பாதி மூடினால் போதும்.

வீட்டிலேயே இடித்துத் தயார் செய்து, கம்புகளை உருவாமல் அப்படியே வண்டியில் வைத்துக்கொண்டு போகலாம். அங்கே போய் உருவிக்கொள்ளுங்கள்.

பழைய சாரணர் (மார்கழி 12)

அருமையான பதிவு; ஆனால் இரண்டு மறுப்புகள் உண்டு. மரத்தூள் ஈரத்தை உறிஞ்சுவதில் பஞ்சுக்கு அண்ணன். மார்கழிப் பனியில் ஓர் இரவு திறந்து கிடந்தால் காலையில் அது புகையுமே தவிர எரியாது. மேலும், சீராக எரியும் அனல் என்று ஆசைப்பட்டு யாரும் இதைக் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ கொண்டுபோய்விடக் கூடாது. எரிந்து முடிந்ததைப்போலத் தோன்றும் தூளிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்காய்வதற்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் விடியலில் எழாமல் போன செய்திகளை மலையூர்களிலிருந்து நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! என்னைக் கேட்டால், டப்பாவை வெதுவெதுப்பாக்கிக் கொண்டு கேஸ் அடுப்பிலேயே காரியத்தை முடிப்பேன்.

ரம்பத்தூள் (மார்கழி 12)

இரண்டும் நியாயமானவையே, ஐயா. டின்னைப் பாலித்தீன் உறையில் கட்டி வண்டிக்குள் வைக்க வேண்டும் என்று நான் எழுத மறந்துவிட்டேன். கேஸைப் பொறுத்தவரை, ஆறு டம்ளரை இருபத்திரண்டு நிமிடம் அவித்து, ஆறு பேருக்கு இரண்டு ஈடு எடுத்து, காப்பியும் போட்டு, குளிக்க வெந்நீரும் கேட்டால் அந்தச் சின்ன டப்பா எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

கோத்தகிரி (மார்கழி 12)

நீலகிரியிலிருந்து ஒரு சிறு குறிப்பு. இரவில் மாவு, எண்ணெய், பழம் எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் விளக்கில் ஊற்றும் எண்ணெயின் வாடைக்கே கரடி கோயில் கதவை உடைக்கிறது. உங்கள் பக்கத்தில் காட்டெருமையும் பன்றியும் தோட்டத்துக்குள் வருவது உங்கள் உறவினருக்கே தெரிந்திருக்கும். வண்டிக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

மேலமாசி (மார்கழி 13)

தொட்டுக்கொள்ள என்ன என்று யாரும் கேட்கவில்லையே! பூம்பாறையில் உட்கார்ந்துகொண்டு இட்லிப் பொடியைக் குழைத்துச் சாப்பிடுவது பாவம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு உங்கள் காலடியில் விளைகிறது. முழுப் பூண்டு இரண்டை உரிக்காமல் அப்படியே கங்கின் ஓரத்துச் சாம்பலில் புதையுங்கள். நான்கு தக்காளியையும் நான்கு பச்சை மிளகாயையும் நேரே கங்கின்மேல் புரட்டிப் புரட்டிச் சுடுங்கள். தக்காளித் தோல் கருகி வெடித்ததும் எடுத்துவிடலாம். பூண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள். பிறகு பூண்டின் அடியை அழுத்தினால், வெண்ணெய்போல வெந்த பற்கள் தோலைவிட்டு வழுக்கி வெளியே வரும். தோலுரித்த தக்காளியோடும் மிளகாயோடும் அவற்றைக் குழிவான தட்டில் போட்டு, கல்லுப்பைத் தூவி, டம்ளரின் அடியால் நசுக்கி, மேலே நல்லெண்ணெய் விட்டால் அம்மியும் வேண்டாம், மிக்ஸியும் வேண்டாம்.

மதுரைக்காரர்கள் என்பதால் கரண்டி ஆம்லெட்டையும் நினைவூட்டுகிறேன். தோசைக்கல் தேவையில்லை. ஆழமான இரும்புக் கரண்டியில் எண்ணெய் காய வைத்து, சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து அடித்த முட்டையை ஊற்றி அனலில் நேரே பிடியுங்கள். அது பந்துபோல எழும்பும்போது ஒருமுறை திருப்பிப் போட்டு எடுத்தால் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அரளிக் குச்சியை மட்டும் கிளறவோ குத்தவோ எடுத்துவிடாதீர்கள். அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு.

தாண்டிக்குடி காப்பி (மார்கழி 13)

பாத்திரம் கரி பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தீயில் ஏற்றும் முன் பாத்திரத்தின் வெளிப்புறம் முழுக்க மண்ணையும் சாம்பலையும் தண்ணீரில் குழைத்து மெல்லப் பூசிவிடுங்கள். இறக்கிய பிறகு தண்ணீர் பட்டதும் கரி அந்தப் பூச்சோடு உதிர்ந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பலே போதும். சோப்பு நுரையை ஓடையில் கலக்க வேண்டாம், கீழே இருக்கும் ஊர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. ஓடை நீரைக் குடிக்க வேண்டியிருந்தால் நன்றாகக் கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

இன்னொன்று: மொட்டை மாடியில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

வைகைக்கரை (மார்கழி 20)

ஒத்திகை பார்த்தோம். முதல் டின்னில் என் மகன் கம்பை வேகமாக உருவியதில் சுரங்கம் பாதியில் சரிந்து, மாடி முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு அக்கா தீயணைப்பு வண்டியை அழைக்காத குறை. இரண்டாவது டின்னில் மரத்தூளின் மேல் மிக லேசாகத் தண்ணீர் தெளித்து இடித்தோம். இரண்டு நாள் வெயிலில் காய வைத்த பிறகு உருவினால் சுவர் சுண்ணாம்புபோல நின்றது. ஒரு மணி நாற்பது நிமிடம் எரிந்தது. ரம்பத்தூள் அண்ணா, தண்ணீர் தெளிப்பது சரிதானா?

ரம்பத்தூள் (மார்கழி 20)

காய்வதற்கு அவகாசம் இருந்தால் சரியே. எங்கள் பாட்டியும் தெளிப்பார். பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. இரண்டு டின்களையும் இப்போதே இடித்து வைத்துவிடுங்கள்.

வைகைக்கரை (தை 6)

நேற்று முன்தினம் திரும்பினோம். கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பொங்கி நின்ற மாவைத் தூக்கில் பாதி ஊற்றி, துணி கட்டி எடுத்துச் சென்றோம். பெருமாள்மலை தாண்டும்போது துணி பலூன்போலப் புடைத்ததே தவிர ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. முதல் இரவில் மாவும் டின்களும் வண்டிக்குள் இருந்தன. காலை ஆறு மணிக்கு, சருகைக் கூட்டித் தள்ளிய வெற்று மண்ணில் டின்னை வைத்துக் கொளுத்தினோம். பத்து நிமிடப் புகைக்குப் பிறகு அனல் ஏறியது. டம்ளர் இட்லியில் முதல் ஈடு மேலே சொதசொதவென்று ஆகிவிட்டது. தட்டில் திரண்ட ஆவி நீர் உள்ளே சொட்டியதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. இரண்டாம் ஈட்டுக்குத் தட்டின் அடியில் துணி கட்டினேன், சரியாக வந்தது. அவற்றுக்கு இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. மாமனார் ஏழு ஐம்பதுக்கு உட்கார்ந்து, சுட்ட பூண்டுச் சட்னியோடு இரண்டு டம்ளர் இட்லி சாப்பிட்டார். மேலமாசி அண்ணா சொன்னபடி பூண்டைப் பிதுக்கிக் காட்டியபோது, "இதை இத்தனை நாள் உரித்துக்கொண்டா இருந்தோம்?" என்று கேட்டார்.

அன்று மாலை என் மகன் இரண்டாவது டின்னை எடுத்துக் கூடாரத்துக்கு வெளியே "தயாராக" வைத்துவிட்டான். பழைய சாரணர் ஐயா எழுதியது அப்படியே பலித்தது. பனி இறங்கி, தூள் நனைந்து, காலையில் அரை மணி நேரம் புகைந்ததோடு சரி. மணி ஏழேகால். கம்பளிக்குள் சுற்றி வைத்திருந்த கேஸ் டப்பாவை எடுத்துப் பொருத்தி, உப்புமாக் கலவையைக் கொட்டினேன். சுடர் கடைசிவரை நீலமாகவே எரிந்தது. மாமனார் தட்டைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார் என்பதை நாகர்கோவில் அண்ணாவுக்கு மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டில் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று உத்தரவு.